இலந்தை வடை பூஞ்சை பிடித்துவிட்டது, எங்கே தப்பு செய்தேன்?

மொட்டைமாடி
21 ஜனவரி, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். பொங்கலுக்கு ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன், சந்தையில் நாட்டு இலந்தைப் பழம் சாக்கில் கொட்டிப் படிக்கணக்கில் அளந்துகொண்டிருந்தார்கள். பார்த்ததும் விட மனசில்லை, கிட்டத்தட்ட மூன்று கிலோ வாங்கிச் சென்னைக்குத் தூக்கி வந்துவிட்டேன். பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற அந்த இலந்தை வடையை வீட்டிலேயே செய்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

செய்ததை அப்படியே சொல்கிறேன். பழத்தைக் கழுவி, வடித்து, உடனே மிக்ஸியில் கொட்டையோடு போட்டு விட்டு விட்டுச் சுற்றினேன். சுற்றவே மாட்டேன் என்றது, அதனால் அரை டம்ளர் தண்ணீர் விட்டேன். மிளகாய்த்தூள், இரண்டு ஸ்பூன் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், கொஞ்சம் பெருங்காயத்தூள். கை கனத்துக்கு நல்ல மொத்தமாகத் தட்டி, மொட்டை மாடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்துக் காயவைத்தேன். ராத்திரி எடுக்கவில்லை, மேலே ஒரு துணி மட்டும் போட்டு மூடினேன்.

இரண்டாம் நாளே கள் மாதிரி ஒரு வாடை. மூன்றாம் நாள் திருப்பிப் போட்டால் அடியில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக இருக்கிறது. மேலே நன்றாகக் காய்ந்த மாதிரிதான் தெரிகிறது, பிட்டால் நடுவில் கொழகொழ. சுரண்டிவிட்டு மறுபடி காயவைத்தால் தேறுமா? மாசிக்குள் இன்னொரு தடவை ஊருக்குப் போவேன், அப்போது சரியாகச் செய்ய வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரை
21 ஜனவரி, இரவு 9:52

முதலில் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் சகோ. சுரண்டினால் மேலே தெரிகிற வெள்ளைதான் போகும், உள்ளே இறங்கியது போகாது. மூன்று கிலோ பழம் என்று வயிறு எரியத்தான் செய்யும், ஆனாலும் வேண்டாம்.

உங்கள் பதிவில் நான்கு தப்பு தெரிகிறது. தண்ணீர் விட்டது, மொத்தமாகத் தட்டியது, பிளாஸ்டிக்கில் போட்டது, ராத்திரி வெளியில் விட்டது. தை மாதப் பனியைச் சும்மா நினைக்காதீர்கள். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்வார்கள். பகலெல்லாம் வெயில் உறிஞ்சிய ஈரத்தை ராத்திரிப் பனி திருப்பிக் கொடுத்துவிடும், மேலே போட்ட துணியும் நனைந்து அதன்மேலேயே கிடக்கும். பிளாஸ்டிக்கில் அடிப்பக்கம் வேர்க்கும், காற்றுக்கு வழியே இல்லை. வெள்ளை அடியில் வந்ததற்கு அதுதான் காரணம்.

கள் வாடை என்றீர்களே, அது நொதித்திருக்கிறது. பழுத்த பழத்தோலில் ஈஸ்ட் எப்போதும் இருக்கும், அதோடு சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்தால் ஒரே நாளில் வேலையைக் காட்டிவிடும். உப்பும் போதவில்லை. மூன்று கிலோவுக்கு இரண்டு ஸ்பூன் என்பது ரசத்துக்குப் போடுகிற உப்பு.

கல்உரல்
22 ஜனவரி, காலை 6:30

கண்ணு, தம்பி சொன்ன நாலும் சரிதான், ஆனால் முதல் தப்பை அவரும் சொல்லவில்லை. பழத்தைப் பச்சையாகவே போட்டுவிட்டாய். பறித்த பழத்தையோ சந்தையில் வாங்கின பழத்தையோ அன்றைக்கே இடிக்கக் கூடாது. கழுவி, துணியில் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் போட்டுச் சுருங்கவிட வேண்டும். தோல் வயசானவர்கள் புறங்கை மாதிரி சுருக்கம் விழும், அமுக்கினால் பஞ்சுபோல உள்வாங்கி அப்படியே நிற்கும், மேலெழும்பி வராது. அதுதான் பக்குவம். அந்தப் பழத்தை இடித்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம், அதன் பிசினே அதைப் பிடித்துக்கொள்ளும். பச்சைப் பழத்தை இடித்தால் கூழாகப் போகும், அப்புறம் எத்தனை வெயில் காட்டினாலும் நடுவில் ஈரம் நிற்கும்.

நான் திருப்பத்தூர் பக்கம். நாற்பது வருஷமாக ஒவ்வொரு தையிலும் செய்கிறேன். அளவு எழுதுகிறேன், குறித்துக்கொள்.

நாட்டு இலந்தை பச்சையாக நிறுத்து ஒரு கிலோ. வரமிளகாய் பன்னிரண்டு, காரம் வேண்டுமானால் பதினைந்து. கல்லுப்பு 40 கிராம். புளி சின்ன எலுமிச்சங்காய் அளவு, கோதும் கொட்டையும் இல்லாமல். வெல்லம் 100 கிராம், பழம் நல்ல இனிப்பாக இருந்தால் பாதி போதும். கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, வெறும் சட்டியில் பொரித்துக்கொள்.

மிளகாயை வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்து, முதலில் உப்பு, மிளகாய், பெருங்காயம் மூன்றையும் உரலில் இடி. மிளகாய் விதை கண்ணுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, மாவாக வேண்டாம். அதில் புளியைப் போட்டு நாலு குத்து. அப்புறம்தான் பழம், ஒரு பிடி போட்டு இடித்து, அது மசிந்த பிறகு அடுத்த பிடி. மொத்தமாகக் கொட்டினால் உலக்கை வழுக்கும், பழம் வெளியே தெறிக்கும். வெல்லம் கடைசியில். முதலிலேயே வெல்லம் போட்டால் இளகி ஒட்டிக்கொண்டு உலக்கையே எழும்பாது.

உலக்கையில் இரும்புப் பூண் இருக்கிற பக்கத்தால் குத்தாதே. மரமாக இருக்கிற முனையால் குத்து. பூண் பட்டால் கொட்டை உடைந்து சில்லாகிவிடும், மரமுனை பட்டால் சதை மட்டும் நசுங்கும், கொட்டை முழுசாக நிற்கும்.

இரண்டு_பிள்ளைகள்
22 ஜனவரி, காலை 10:15

அம்மா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. ஆனால் கொட்டை விஷயத்தில் எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. போன வருஷம் ஒரு கடையில் வாங்கிய வடையைக் கடித்து என் பெரியவனுக்குக் கடைவாய்ப் பல் ஓரம் உடைந்துவிட்டது. அதில் கொட்டை முழுசாகவும் இல்லை, பொடியாகவும் இல்லை, கூரான சில்லு சில்லாக இருந்தது, கூட மண்ணும் நறநறவென்று. சின்னவளுக்கு நாலு வயசு, அவளுக்குக் கொட்டையோடு எப்படிக் கொடுப்பது? தொண்டையில் சிக்கினால்?

அதனால் நான் எடுத்துவிட்டுத்தான் செய்கிறேன். வாடிய பழத்தை இட்லிப் பானையில் பத்து நிமிஷம் ஆவி காட்டி, ஆறியதும் கையால் பிசைந்து, கண் பெரிய சல்லடையில் தேய்த்துச் சதையை மட்டும் எடுப்பேன். அதை அடிகனமான சட்டியில் வெல்லம், உப்பு, இடித்த மிளகாய், பெருங்காயம் போட்டுக் கிளறி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்ததும் இறக்கித் தட்டிக் காயவைத்தால் ஒன்றரை நாளில் முடிந்துவிடும். பூஞ்சை பயமும் ரொம்பக் குறைவு.

கல்உரல்
22 ஜனவரி, மதியம் 1:05

நாலு வயசுப் பிள்ளைக்குக் கொட்டையோடு கொடுக்கக் கூடாது, அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. எங்கள் வீட்டிலும் ஏழெட்டு வயசு ஆகும்வரை நாங்களே பிட்டு, சதையை மட்டும் வழித்து விரலால் நாக்கில் தடவுவோம்.

ஆனால் பெரியவர்களுக்கு எதற்குக் கொட்டையை எடுக்க வேண்டும்? நாட்டு இலந்தையில் சதையே கொஞ்சம், அதுவும் கொட்டையைச் சுற்றி நார்போலப் பற்றிக்கொண்டிருக்கும், சல்லடையில் தேய்த்தால் பாதி கொட்டையோடு போய்விடும். இலந்தை வடை கடித்துத் தின்கிற பண்டமும் இல்லை. ஒரு துண்டு பிட்டு வாயில் ஒதுக்கிக்கொண்டால், முதலில் உப்பும் புளிப்பும், அப்புறம் காரம், எல்லாம் கரைந்தபிறகு கொட்டையோடு ஒட்டியிருக்கிற அந்தக் கடைசித் தித்திப்பு. களை எடுக்கப் போகிறவர்கள் மடியில் ஒன்று முடிந்துகொண்டு போவார்கள், ஒரு வடை அரை வேளைக்கு வரும். வேகவைத்துக் கிளறினால் அந்த வாசம் போய் அல்வா வாசம் வந்துவிடுகிறது. அது ருசியில்லை என்று சொல்லவில்லை, அது வேறே பண்டம்.

ஏரிக்கரை
22 ஜனவரி, மாலை 7:20

மண் கடித்தது என்றீர்களே, அதற்குக் காரணம் மரத்தடியில் உலுக்கிக் கூட்டி அள்ளுவது. எங்கள் ஏரிக்கரையில் ஏழெட்டு மரம் நிற்கிறது, நாங்கள் பழைய சேலையை விரித்துத்தான் உலுக்குவோம். முள் வளைந்து கொக்கி மாதிரி இருக்கும், சேலை கிழியாமல் வராது.

புழு விஷயம் யாருமே பேசவில்லை. வெளியில் பார்த்தால் அருமையாக இருக்கும், பிட்டால் கொட்டையைச் சுற்றிக் கருத்த தூளும் வெள்ளைப் புழுவும் இருக்கும். இலந்தைக்கென்றே ஒரு பழ ஈ உண்டு, காய் சிறிதாக இருக்கும்போதே தோலுக்கடியில் முட்டை வைக்கும், புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வெளியே வந்து மண்ணில் இறங்கிக் கூடு கட்டும். அதனால்தான் உதிர்ந்த பழத்தை மரத்தடியில் விடாதே, பொறுக்கி அழித்துவிடு, கோடையில் அடிமண்ணைக் கிளறி வெயில் காட்டு என்பார்கள். வாங்கின பழத்துக்கு வேறு வழியே இல்லை, வாடிய பிறகு ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் பிதுக்கிப் பார்க்க வேண்டியதுதான். மிக்ஸியில் அப்படியே போட்டவர்கள் எதை அரைத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மொட்டைமாடி
22 ஜனவரி, இரவு 8:02

ஐயோ. நான் ஒன்றைக்கூடப் பிதுக்கிப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் அண்ணா, இப்போது வருத்தமே இல்லை.

ஒரு சந்தேகம். இங்கே கடைகளில் பச்சையாகப் பெரிதாக ஆப்பிள் இலந்தை என்று விற்கிறார்களே, அதில் செய்யலாமா? ஊருக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாமே.

பழத்தோட்டம்
23 ஜனவரி, காலை 8:45

நான் விருதுநகர் பக்கம் ஒட்டு இலந்தை வைத்திருக்கிறேன், அதனால் இதற்கு நானே சொல்கிறேன். வேண்டாம். ஆப்பிள் இலந்தை, உம்ரான், கோலா, பனாரசி எல்லாமே கடித்துத் தின்பதற்காகத் தேர்ந்தெடுத்த ரகங்கள். சதை நிறைய, தண்ணீர் நிறைய, புளிப்பு குறைவு. வடைக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். சின்னப் பழம், மாவுச் சதை, கூசுகிற புளிப்பு. ஒரு வருஷம் விற்காமல் தேங்கிய உம்ரானில் நானே செய்து பார்த்தேன், காய்ந்தபிறகு தோல் தனியாகத் தோல் செருப்புபோல நின்றது, சதையில் மிளகாயும் உப்பும் மட்டும்தான் தெரிந்தது, இலந்தையைக் காணோம். ஒட்டு ரகத்தை நாலாகக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுப் பச்சையாகத் தின்னுங்கள், அதற்கு ஈடே கிடையாது.

நாட்டுப் பழத்திலும் செங்காயை எடுக்காதீர்கள், துவர்க்கும். செம்பழுப்பாக முழுசும் நிறம் மாறியது வேண்டும்.

சித்தூர்க்காரி
23 ஜனவரி, மதியம் 3:30

இந்த இழையைப் பார்த்ததும் எச்சில் ஊறிவிட்டது. நாங்கள் சித்தூர்த் தமிழர்கள். அங்கே இதையே ரேகி வடியாலு என்பார்கள். தெலுங்கில் ரேகி பண்டு என்றால் இலந்தைப் பழம். எங்கள் அக்கம்பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் வரமிளகாய்க்குப் பதில் பச்சைமிளகாயும் சீரகமும் வைத்து இடிப்பார்கள், வெல்லம் கொஞ்சம் தாராளமாகவே போகும், புளி போட மாட்டார்கள். சீரகம் சேர்த்துப் பாருங்கள், வாயில் வைத்ததும் முதலில் அந்த வாசம்தான் எழும்பும். ஆனால் பச்சைமிளகாய் என்றால் அதிலும் ஈரம் இருக்கிறது, ஒரு நாள் கூடுதலாகக் காயவேண்டும்.

அங்கே போகி அன்றைக்குச் சாயங்காலம் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து, ரேகிப் பழம், கரும்புத் துண்டு, பூ, சில்லறைக் காசு எல்லாம் கலந்து தலையில் கொட்டுவார்கள். போகி பள்ளு என்று பெயர். எனக்கும் கொட்டியிருக்கிறார்கள், பழம் உச்சந்தலையில் பட்டுத் தெறிக்கும், மற்ற பிள்ளைகள் பொறுக்க ஓடுவார்கள். மீந்த பழம் மறுநாள் வெயிலுக்குப் போகும், அதிலிருந்துதான் அந்த வருஷத்து வடியாலு. பெங்களூருக்குக் கல்யாணமாகி வந்தபிறகு பார்த்தால் இங்கேயும் எலச்சி ஹண்ணு என்று அதே பழம், அதே வடை.

இரண்டு_பிள்ளைகள்
23 ஜனவரி, மாலை 4:10

வடை என்று ஏன் பெயர் வந்தது என்று யாருக்காவது தெரியுமா? எண்ணெயே காணாத பண்டம். எங்கள் அம்மா வழியில் இலந்தை அடை என்றுதான் சொல்வார்கள்.

கல்உரல்
23 ஜனவரி, மாலை 6:00

எங்கள் பக்கம் இரண்டு பெயரும் உண்டு. தட்டுகிற வடிவத்தைப் பார்த்துச் சொல்கிற பேச்சு, வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

தட்டுவதைப் பற்றி நேற்றுச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கால் அங்குலத்துக்கு மேல் கனம் போகக் கூடாது. கொட்டை எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் கனம், கொட்டை மேலே துருத்திக்கொண்டு தெரியலாம், பரவாயில்லை. நடுவில் விரலால் ஒரு அழுத்து அழுத்தி மெல்லிசாக்கு, நடுதான் கடைசியில் காயும். கையில் ஒட்டினால் உப்புத் தண்ணீர் தொட்டுக்கொள், எண்ணெய் தொடாதே, ஆறு மாசத்தில் சிக்கு வாடை வரும். மூங்கில் முறம் அல்லது பனையோலைப் பாய், மேலே கொசுவலைத் துணி. முதல் நாள் தொடாதே. இரண்டாம் நாள் மதியம் ஓரம் தானாக எழும்பும், அப்போது திருப்பு. நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்குள் எடுத்துவந்துவிடு, ஐந்து மணி வெயிலில் சூடு இல்லை, பனிதான் இறங்கும். நாலு நாள் நல்ல வெயில் வேண்டும்.

மொட்டைமாடி
11 பிப்ரவரி, இரவு 9:40

அம்மா, அண்ணா, அக்கா எல்லோருக்கும். செய்துவிட்டேன்!

போன வாரம் ஊருக்குப் போய் இரண்டு கிலோ வாங்கினேன். இந்தத் தடவை அங்கேயே ஒரு நாள், இங்கே ஒன்றரை நாள் வாடவிட்டேன். ஒரு கிலோ நிறுத்து வைத்த பழம் 700 கிராமுக்குக் கொஞ்சம் மேலாக வந்தது. சனிக்கிழமை ராத்திரி பேப்பர் விரித்து நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கினோம். ஏரிக்கரை அண்ணா சொன்னது அப்படியே இருந்தது, ஐந்துக்கு ஒன்று போய்விட்டது, அதைப் பார்த்த பிறகு போன தடவை செய்ததை நினைக்கவே முடியவில்லை.

உரல் எங்கள் ஃப்ளாட்டில் இல்லை. கீழ்வீட்டில் அம்மி இருக்கிறது, அவர்களிடம் கேட்டுக் குழவியால் நசுக்கினேன், அரைக்கவில்லை, தூக்கித் தூக்கி மெதுவாகத் தட்டினேன். உலக்கை இருந்தால் இன்னும் சுலபம் என்று தெரிகிறது, ஆனால் கொட்டை ஒன்றுகூட உடையவில்லை. முதல் நான்கு பிடி வரைக்கும் தனித்தனியாக உதிர்ந்துகொண்டே இருந்தது, தண்ணீர் விடாமல் சேராது என்று கை பாட்டில் பக்கம் போய்விட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன். ஐந்தாவது பிடியில் திடீரென்று மாவு பிசைந்த மாதிரி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டது, குழவியைத் தூக்கினால் கூடவே எழும்பியது. நிறமும் மாறிவிட்டது, செம்பழுப்பு போய்ச் செங்கல் நிறம். அந்த வாசத்தை எப்படி எழுதுவது, கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்துகொண்டு வந்து "எலந்தை வடையாம்மா?" என்று கேட்டார்கள்.

ஒரு கிலோவை அம்மா அளவிலும், இன்னொரு கிலோவில் பாதியைச் சித்தூர் அக்கா சொன்ன சீரகத்தோடும், பாதியைக் கொட்டை எடுத்துக் கிளறியும் செய்தேன். நாலு நாள் வெயில், நாலு மணிக்கு உள்ளே. பூஞ்சை இல்லை. இரண்டாகப் பிட்டுப் பார்த்தேன், நடுவிலும் ஈரமில்லை, தோல்போல வளைந்து கொடுத்து அப்புறம் பிய்கிறது.

கிளறியது என் பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. எனக்கு இடித்ததுதான். சீரகம் போட்டது இரண்டும் கெட்டானாகத் தோன்றியது, வெல்லம் நான் குறைத்துவிட்டேனோ என்னவோ, அக்கா மன்னிக்கணும்.

ஒரே ஒரு குறை, உப்பு தூக்கலாக இருக்கிறது. 40 கிராம் நிறுத்துத்தான் போட்டேன். புழு போக மிச்சம் வந்த பழத்துக்கு உப்பைக் குறைத்திருக்க வேண்டுமோ? எதில் போட்டு வைப்பது, எவர்சில்வர் டப்பா பரவாயில்லையா?

சித்தூர்க்காரி
11 பிப்ரவரி, இரவு 10:05

மன்னிப்பு எதற்கு! சீரகத்துக்கு வெல்லம் இருந்தால்தான் எடுபடும், 200 கிராம் வரைக்கும் போகலாம். அடுத்த தையில் பார்த்துக்கொள்ளலாம்.

கல்உரல்
12 பிப்ரவரி, காலை 6:15

நல்லா வந்திருக்கு கண்ணு. ஆமாம், ஐந்தில் ஒரு பங்கு பழம் போனால் உப்பும் அதே கணக்கில் குறையணும், பொறுக்கி முடித்துவிட்டு அளவு போட வேண்டும். இப்போது ஒன்றும் கெடவில்லை. உப்பும் புளிப்பும் நாளானால் வெறும் எவர்சில்வரைக்கூடப் புள்ளி புள்ளியாக அரிக்கும், அலுமினியம் கூடவே கூடாது. பீங்கான் ஜாடி இல்லாவிட்டால் கண்ணாடி பாட்டில், ஈரமில்லாமல் வெயிலில் காயவைத்து எடுத்து, சூடு ஆறின வடையை அடுக்கி மூடு. சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துவிடும். மாசத்துக்கு ஒருமுறை ஒரு பகல் வெயில் காட்டு.

உப்பை இன்றைக்குப் பார்க்காதே. பத்து நாள் ஜாடியில் கிடக்கட்டும், வெளியில் பூத்த உப்பு கொட்டை வரைக்கும் இறங்கும், அப்போது ஒன்று எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லு.